பூனையை ஊர்கடத்தித்தான் தூங்க வேண்டுமா?

கொஞ்ச நாட்களாக நம் பக்கத்தில் ஒரே மாதிரியான பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "பூனை ராத்திரி தூங்க விடலை சார், கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டோம்." எங்கே விட்டீர்கள் என்று கேட்டால் ஒருவர் கொட்டாம்பட்டி ரோட்டைச் சொல்வார், இன்னொருவர் ஏதோ ஒரு கண்மாய்க் கரையைச் சொல்வார். சாக்குக்குள் போட்டு வாயைக் கட்டி, வண்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு போய் அவிழ்த்து விடுவது. சாக்கை மூன்று சுற்று சுற்றி விட்டால் திசை தெரியாமல் போகும் என்று ஒரு பழைய நம்பிக்கை வேறு. ஏதோ பழைய சோபாவைக் கழித்துக் கட்டியதைப் போலச் சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. பாவ புண்ணியக் கணக்கை வைத்து மட்டும் சொல்லவில்லை. தூக்கம் கெடுகிறது என்ற காரணத்துக்காக ஒரு பூனையை விட்டுவிட்டு வர வேண்டிய அவசியமே கிடையாது. இரவில் எழுப்புகிற இளம்பூனையை மூன்று வாரத்தில் மாற்றிவிடலாம். மாற வேண்டியது பூனை பாதி, நாம் பாதி. இரண்டாவது பாதிதான் கஷ்டம் என்பதால்தான் சாக்கைத் தேடுகிறோம் என்பது என் கட்சி.

முதலில் எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இன்று பூனை வளர்ப்பவர்களில் பெரும்பாலானோர் யார்? பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் நம்மைப் போன்றவர்கள். அறுபதைத் தாண்டினால் தூக்கம் மெலிந்துவிடும். ஆழ்ந்த உறக்கம் குறையும். ஒரு தடவை விழித்தால் மறுபடி கண் அசர ஒரு மணி நேரம் ஆகும். அதோடு இருட்டில் எழுந்து நடக்கும்போது காலுக்குள் குட்டிப்பூனை ஒன்று புகுந்து புகுந்து வந்தால் என்ன ஆகும்? எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடை திரும்புவது லேசில்லை. வெளியூரில் இருக்கும் மகன் போனில், "அம்மா, அந்தப் பூனையைத் தொலைச்சுத் தலைமுழுகுங்க" என்று கத்துகிறான் என்றால் அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவன் பயம் நியாயமானது. அவன் சொல்கிற வைத்தியம்தான் தப்பு.

பூனை ஏன் இரவில் எழுகிறது? அதன் சுபாவம் அது. பூனை முழுக்க முழுக்க இரவுப் பிராணி என்றும் சொல்ல முடியாது. பொழுது சாயும் நேரமும் பொழுது புலரும் நேரமும்தான் அதற்கு உச்சம். எலி, பெருச்சாளி, பல்லி எல்லாம் நடமாடுகிற நேரம் அது. நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கும். ஆனால் நம்மைப் போல ஒரே மூச்சில் தூங்காது, துண்டு துண்டாகத் தூங்கும். மனிதன் பூனையைப் பிடித்து வந்து வளர்க்கவில்லை. தானியக் குவியலில் எலி, எலிக்குப் பின்னால் பூனை என்று அதுவாக வந்து சேர்ந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியில் ஒரு மனிதருக்குப் பக்கத்திலேயே பூனையையும் புதைத்திருந்ததைக் கண்டெடுத்து 2004-இல் அறிவித்தார்கள். அவ்வளவு பழைய உறவு.

நம் சிறு வயதில் வீட்டில் பூனை இருந்ததா? இருந்தது. எழுப்பியதா? இல்லை. ஏனென்றால் அது நம்மோடு படுக்கவில்லை. பத்தாயத்தில் நெல் இருந்தது, நெல்லுக்கு எலி இருந்தது, ஓட்டுக்கூரையில் போக வர வழி இருந்தது. ராத்திரி முழுக்க அதற்கு வேலை. விடிந்ததும் வந்து அடுப்பு மேடையில் சாம்பல் சூட்டில் சுருண்டு படுக்கும். இன்றைக்கு வீட்டில் பத்தாயமும் இல்லை, விறகடுப்பும் இல்லை. காங்கிரீட் வீடு, கொசுவலை அடித்த ஜன்னல், எட்டு மணிக்கே தாழ்ப்பாள். ராத்திரி வாட்ச்மேனை வேலைக்கு வைத்து, வேலையும் கொடுக்காமல், உள்ளே போட்டுப் பூட்டியது போல ஆகிவிட்டது. ஆறேழு மாதக் குட்டிக்கு உடம்பில் ஓடுகிற தெம்புக்கு அது என்னதான் செய்யும்? உங்கள் பெருவிரல் போர்வைக்குள் அசைந்தால் அதற்கு அதுதான் எலி.

ஆக, விழித்துக்கொள்வது அதன் பிறவிக் குணம். ஆனால் அது விழிப்பது வேறு, நம்மை எழுப்புவது வேறு. எழுப்புவது பிறவிக் குணம் இல்லை. கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தது நாம்தான்.

இதை வாசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு பழைய பூனையை நினைவுபடுத்துகிறேன். பி.எட். படித்த எவரும் மறக்க முடியாத பூனை: தார்ன்டைக்கின் பூனை. கல்வி உளவியல் தாளில் "முயன்று தவறிக் கற்றல் - விளக்குக" என்ற கேள்வி வராத வருஷம் உண்டா? அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் என்பவர் 1898-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டுக்காகச் செய்த சோதனை அது. மரச்சட்டம் அடித்த ஒரு பெட்டிக்குள் பசித்த பூனையை விடுவார். வெளியே ஒரு துண்டு மீன். பூனை கீறும், கடிக்கும், கத்தும். தற்செயலாகக் கால் பட்டு ஒரு கயிறோ தாழோ இழுபட்டுக் கதவு திறக்கும், மீன் கிடைக்கும். மறுபடி உள்ளே விடுவார். திரும்பத் திரும்ப விட, வீண் கீறலும் கத்தலும் குறைந்து, கடைசியில் உள்ளே விட்டதும் நேராகப் போய்த் தாழைத் தட்டிவிட்டு வெளியே வந்து நிற்கும். எந்தச் செயலுக்கு இன்பமான பலன் கிடைக்கிறதோ அது நிலைக்கும், பலன் இல்லாதது உதிரும் என்பது அவர் சொன்ன விளைவு விதி. பத்து மதிப்பெண்ணுக்கு நாம் எல்லோரும் எழுதித் தள்ளியதுதான். எழுதியதோடு விட்டுவிட்டோம்.

அந்தப் பெட்டியை அப்படியே நம் படுக்கை அறைக்குக் கொண்டு வாருங்கள். அதிகாலை மூன்றே முக்கால். பூனைக்கு முழிப்பு. மியாவ் என்கிறது, பலன் இல்லை. அலமாரி மேல் ஏறிக் கண்ணாடிக் கூட்டைத் தள்ளுகிறது, பலன் இல்லை. உங்கள் மூக்கைத் தன் பாதத்தால் தட்டுகிறது. நீங்கள் எழுந்துவிட்டீர்கள். தாழ் திறந்துவிட்டது!

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார். எழுபத்து நான்கு வயது, தனி ஆள். சாம்பல் நிறத்தில் கோடு போட்ட ஒரு குட்டி, ஏழெட்டு மாதம் இருக்கும். மகன் சிங்கப்பூரில். போன வருஷம் ஒரு நாள் கண்ணெல்லாம் வீங்கிப்போய் வந்து நின்றார்.

"தம்பி, அது கடிகாரம் பாத்து எழுப்புது தம்பி. மூணே முக்காலுக்கு டான்னு வந்து மூக்கைத் தட்டுது."

"எழுந்திரிச்சு என்ன செய்வீங்க ஆச்சி?"

"என்ன செய்யிறது? ரெண்டு கரண்டி பாலை ஊத்துனா குடிச்சிட்டுப் பேசாமப் போயிப் படுத்துக்கிருது. பெறகு எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

"அப்ப உங்களை எழுப்புறதுக்கு அது தெனமும் ரெண்டு கரண்டி பால் சம்பளம் வாங்குது. சம்பளத்தை நிறுத்தாம வேலைய விடுன்னா எப்படி ஆச்சி விடும்?"

ஆச்சி சிரித்துவிட்டார். ஆனால் சம்பளத்தை நிறுத்துவது அவ்வளவு சுலபமில்லை என்பது எனக்கும் தெரியும். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா படுத்திருக்க மனசு கேட்காது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் என்ற அம்மையார் 2009-இல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். அது தொடங்கிய கதையே நம் விஷயம்தான்: அவர் வளர்த்த பூனை காலையில் விடாமல் குர்ர் குர்ர் என்று உறுமி அவரை எழுப்பிக்கொண்டிருந்தது. மற்ற நேரத்தில் சுகமாக இருக்கிற அதே உறுமல் காலையில் மட்டும் ஏன் இப்படிப் பிராணனை வாங்குகிறது என்று யோசித்தார். பதிவு செய்து பார்த்தால், தீனி கேட்கும்போது எழுப்புகிற உறுமலுக்குள் மெல்லியதாக ஒரு அழுகை ஒளிந்திருக்கிறது. அதன் சுருதி கைக்குழந்தையின் அழுகைக்கு வெகு பக்கத்தில் வருகிறது. பூனையே வளர்க்காதவர்களிடம் போட்டுக் காட்டினாலும் "இது அவசரமாக எதையோ கேட்கிறது" என்று சொல்லிவிட்டார்களாம். இன்னொன்றும் சொன்னார். ஒரு வீட்டில் ஒரே ஆள், ஒரே பூனை என்று இருக்கிற இடத்தில்தான் பூனை இந்த வித்தையை அதிகம் கற்றுக்கொள்கிறதாம். ஆள் நிறைந்த வீட்டில் யாரும் கவனிப்பதில்லை, அதனால் வளர்வதில்லை. நம் ஊரின் தனி வீடுகளை நினைத்துக்கொண்டேன். பிள்ளை பெற்று வளர்த்த எந்தத் தாயின் காதும் அந்த அழுகைக்குச் செவிடாக இருக்க முடியாது. ஆச்சி எழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

சரி, என்ன செய்வது?

நம் சாயங்காலத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். காட்டில் பூனைக்கு வரிசை இது: வேட்டையாடும், தின்னும், நாக்கால் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும், தூங்கும். இந்த வரிசையை நாம் படுக்கப் போகிற நேரத்துக்கு வைத்துவிட வேண்டும். ஆச்சி ஒன்பதரைக்குப் படுப்பவர். அதனால் எட்டே முக்காலுக்கு டி.வி.யை நிறுத்தச் சொன்னேன் (இதுதான் பெரிய தியாகம்!). ஒரு தென்னை ஈர்க்கின் நுனியில் கோழி இறகைக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தரையில் இழுத்துக் காட்ட வேண்டும். கால் மணி நேரம். குட்டி பாய்ந்து, உருண்டு, மூச்சிரைக்கிற வரைக்கும். வெறும் கையை ஆட்டி விளையாட்டுக் காட்டக் கூடாது. கை விளையாட்டுச் சாமான் என்று பழகினால் ராத்திரி உங்கள் கையைத்தான் கடிக்கும். கடைசியில் இறகை அது பிடித்துவிட்ட மாதிரி விட்டுக்கொடுக்க வேண்டும். உடனே அன்றைய பெரிய சாப்பாடு. சாப்பிட்டு, நக்கி, கொட்டாவி விடும். அப்போது விளக்கை அணைக்கலாம்.

பகலிலும் ஒரு வேலை இருக்கிறது. மத்தியானம் நாமும் படுத்து, பூனையும் நம்மோடு நான்கு மணி வரைக்கும் படுத்தால் அது ராத்திரிக்குச் சேமிக்கிறது என்று அர்த்தம். இடையில் ஒரு தடவை எழுப்பி விளையாட்டுக் காட்டுவதில் தப்பில்லை. அது நம்மை எழுப்புகிறதே, நாம் எழுப்பக் கூடாதா?

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பூனைக்கு என்ன போடுகிறோம்? தயிர்சோறு. இல்லாவிட்டால் பாலும் சோறும். பூனை மாமிசம் தின்னப் பிறந்த ஜீவன். அதன் உடம்புக்கு வேண்டிய சில சத்துகள் மாமிசத்தில் மட்டும்தான் இருக்கின்றன; சோற்றில் எவ்வளவு தயிர் ஊற்றினாலும் வராது. ராத்திரி எட்டு மணிக்குத் தயிர்சோறு தின்ற குட்டி மூன்று மணிக்குப் பசியில் கத்தினால் அதைக் குறும்பு என்று சொல்லக் கூடாது. சைவ வீடுகளில் இது சங்கடமான விஷயம்தான். மனசு ஒப்பினால் வேகவைத்த முட்டை கொடுக்கலாம். இல்லையென்றால் கடையில் விற்கிற பூனைத் தீனியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அசைவ வீடு என்றால் உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்து முள் நீக்கிய மீன், கோழி. குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். கருவாட்டில் உப்பு ஜாஸ்தி. பாலையும் பூனையையும் சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். உண்மையில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது, வயிற்றாலே போகும். நடு ராத்திரியில் வயிறு கடமுடா என்றாலும் அது உங்களைத்தான் எழுப்பும்.

காலைச் சாப்பாட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் கண் விழித்ததும் முதல் வேலையாகப் பூனைக்குப் போடாதீர்கள். போட்டால் "இவர் எழுந்தால் சோறு" என்று அது முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பல் தேய்த்து, வாசல் தெளித்து, காப்பி குடித்து, அரை மணி கழித்து அதன் தட்டை எடுங்கள். தட்டுச் சத்தம் வேறு, நாம் எழுகிற நேரம் வேறு என்று அதற்குப் புரிய வேண்டும்.

படுக்கை? முடிந்தால் வேறு அறையில் விடுவது நல்லது. பழைய வளவு வீடுகளில் இதற்குக் குறைவே இல்லை. ஒவ்வொரு கட்டிலும் பூட்டிக் கிடக்கிற அறைகள். ஒன்றைத் திறந்து, காற்று வர வழி வைத்து, தண்ணீர், ஒரு பழைய சேலை, ஒரு தட்டில் மணல் அல்லது மர அறுவைத் தூள் வைத்துவிட்டால் போதும். சின்ன வீட்டில் ஒரே அறை என்றால் கதவை மூடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். பூனைக்கு வெளிச்சம் தேவையில்லை, நமக்குக் காலடி தெரிய வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் சுலபமான பகுதி. கஷ்டமானது இனிமேல்தான். இத்தனையும் செய்த பிறகும் முதல் சில நாள் அது மூன்றே முக்காலுக்கு வரும். வந்து தட்டும். அப்போது எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது, திட்டக் கூடாது, தள்ளிவிடவும் கூடாது. திட்டுவதும் அதற்கு ஒரு பதில்தான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினால் "ஷூ, சும்மா இரு" என்று குரல் கொடுப்பதும் சம்பளம்தான்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் சத்தம் குறையும் என்று எதிர்பார்ப்பீர்கள். கூடும். கொன்னையூர் திருவிழாவில் பலூன் கேட்டு அழுகிற பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். வாங்கித் தர மாட்டேன் என்றதும் அழுகையை நிறுத்துமா? தரையில் விழுந்து புரளும். இதுவரை பலித்த வித்தை பலிக்கவில்லை என்றதும் அதையே இரண்டு மடங்காகச் செய்து பார்ப்பது எல்லா உயிருக்கும் பொது. அந்த ஐந்தாம் நாள், "போதும்டா சாமி" என்று எழுந்து பால் ஊற்றினீர்களோ, காரியம் கெட்டது. ஐந்து நாள் விடாமல் கத்தினால் கிடைக்கும் என்று நீங்களே பாடம் நடத்திவிட்டீர்கள். தார்ன்டைக்குக்குப் பின்னால் வந்த ஸ்கின்னர் இதைத்தான் எலியையும் புறாவையும் வைத்துக் காட்டினார்: எப்போதும் கிடைக்கிற தீனியை விட, எப்போதாவது கிடைக்கிற தீனிக்குத்தான் பிராணி விடாமல் உழைக்கும். லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களை நம் காலத்தில் நாம் பார்த்ததில்லையா?

ஆச்சிக்கு நான்காம் நாள் ராத்திரி கண்ணில் நீரே வந்துவிட்டதாம். "பச்சைப்புள்ள மாதிரி அழுதுச்சு தம்பி, காதுல பஞ்சை வச்சுக்கிட்டுப் படுத்துக்கிட்டேன்" என்றார். எட்டாம் நாள் கத்தல் பாதியாகக் குறைந்தது. பதினெட்டாம் நாளோ இருபதாம் நாளோ, ஆச்சி தானாகக் கண் விழித்துப் பார்த்தபோது மணி ஐந்தே கால். பூனை காலடியில் சுருண்டு கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு மகன் போனில் பூனையைப் பற்றிப் பேசுவதில்லை என்று கேள்வி.

அடித்துத் திருத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். தெனாலிராமன் கதையை எடுத்துக்காட்டுவார்கள். ராயர் ஆளுக்கொரு பூனையும் பால் தர ஒரு பசுவும் கொடுக்க, ராமன் முதல் நாளே கொதிக்கிற பாலை வைத்து வாயைச் சுட்டுவிட்டான், அப்புறம் பூனை பாலைக் கண்டாலே ஓடியது என்று கதை. சிரிக்க நல்ல கதை. ஆனால் கவனியுங்கள், பூனை பயந்தது பாலைப் பார்த்து; ராமனின் பேச்சைக் கேட்டு நடக்கவில்லை. செருப்பை வீசினால் பூனை உங்களைக் கண்டு ஒளியும், பகலிலும் மடிக்கு வராது. மூன்றே முக்காலுக்கு முழிப்பது மட்டும் அப்படியே இருக்கும்.

இதைவிட ஆபத்தான ஒரு பழக்கம் உண்டு. நமக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் கால் துண்டைப் பாலில் கரைத்து ஊற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குறிப்பாக, காய்ச்சலுக்கும் மேல்வலிக்கும் நாம் சாதாரணமாகப் போடுகிற பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய விஷம். ஒரு மாத்திரையே கொன்றுவிடும். அதன் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரியாது. பூனை தூங்கட்டும் என்று நாம் தூக்க மாத்திரை போட்டுக்கொள்வதும் வேண்டாம். வயதானவர்கள் இருட்டில் தள்ளாடி விழுவதற்கு அந்த மாத்திரைகளும் ஒரு பெரிய காரணம்.

எல்லாக் கத்தலும் பழக்கத்தால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெண்குட்டிக்கு ஐந்தாறு மாதத்திலேயே பருவம் வந்துவிடும். அப்போது போடுகிற சத்தம் கைக்குழந்தை வீறிடுவது போல இருக்கும். ராத்திரியில் பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று நம் பெரியவர்கள் பயந்தது பெரும்பாலும் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என்று நினைக்கிறேன். ஆகாதது ஒன்றும் இல்லை. அது ஜோடி தேடுகிறது. இறகு ஆட்டியோ முட்டை கொடுத்தோ இதை நிறுத்த முடியாது. கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை செய்துவிடுவதுதான் வழி. ஆண் பூனைக்கும் அப்படியே. செய்துவிட்டால் ராத்திரி வெளியே போய்ச் சண்டை போட்டுக் காதைக் கிழித்துக்கொண்டு வருவதும் குறையும். "ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த நான்கு குட்டிகளுக்கும் வீடு பார்த்துவிட்டுப் பேசுங்கள். சாக்கில் போகிறவை பெரும்பாலும் அந்தக் குட்டிகள்தான்.

ஆண் பூனை மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்கி முக்கிக் கத்துகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று மட்டும் இருக்காதீர்கள். அடைப்பு. ஒரு நாள் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து. மருத்துவரிடம் போகிற அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசியையும் கேட்டுப் போட்டுவிடுங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ, வீட்டுப் பூனைதானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருக்கக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

சாக்கு விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். வளர்த்த பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பதினோராம் பிரிவு. முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! அந்தக் காலத்துத் தொகையை இன்னும் யாரும் மாற்றவில்லை. இன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் காப்பி குடிக்கிற காசு. சட்டத்தை நம்பிப் பயனில்லை என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன். வீட்டுக்குள் வளர்ந்த குட்டிக்குத் தெருநாய் என்றால் என்ன என்றே தெரியாது. ரோட்டோரம் அவிழ்த்துவிட்ட பூனை வேட்டையாடிப் பிழைத்துக்கொள்ளும் என்பது விட்டுவிட்டு வந்தவர் தன் நிம்மதிக்குச் சொல்லிக்கொள்கிற கதை. எந்தக் காரணத்தாலோ வைத்துக்கொள்ள முடியவில்லையா, கேட்டு வாங்கிப் போகிற ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். மளிகைக் கடைக்காரர்களும் அரிசி மண்டிக்காரர்களும் எலித் தொல்லைக்கு நல்ல பூனை தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பல ஆண்டுகளாகப் பூனை வளர்க்கவே அனுமதி இல்லை. வளர்த்தவர்கள் ஒளித்துத்தான் வளர்த்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள்; உரிமம் எடுக்க வேண்டும், பூனையின் தோலுக்கடியில் அடையாளச் சிப் வைக்க வேண்டும். பத்தாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் ராத்திரி பூனையோடு தூங்க அவர்கள் பழகிக்கொள்ள முடியும் என்றால், நான்கு கட்டு வீட்டில் நம்மால் முடியாதா? இந்தச் செய்தியை அந்த ஆச்சியின் மகனுக்கும் அனுப்பி வைத்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தொடங்குவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். மார்கழியில் தொடங்காதீர்கள். நாலரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கி நம்மையும் எழுப்பும், பூனையையும் எழுப்பும். நாமும் குளித்துக் கிளம்பிவிடுவோம். எந்தச் சத்தத்துக்கு எழுந்தோம் என்று பூனைக்குக் குழப்பம் வந்துவிடும். ஐப்பசி மழையில் தொடங்கினால், கதவை மூடிக்கொண்டு படுத்தாலும் புழுக்கம் தெரியாது. தூறல் சத்தத்தில் பூனையின் சத்தமும் பாதிதான் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான்காம் நாள் ராத்திரி அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்துவிடப் போகிறார்.